அநேகமாக வார்டுக்கு வெளிவாசல் இல்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது என் வீட்டு வாசலில். சாவி உள்ளே, நான் வெளியே. கதவைத் திறக்க வந்த பூட்டுக்காரர் பூட்டைக் குடைந்துகொண்டே இதைச் சொன்னார். மனிதர் தொழிலில் கெட்டிக்காரர். அதுதான் வினையாகப் போயிற்று. கதை சூடுபிடித்து, நான் படிக்கட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்த நேரம் பார்த்து, டக்கென்று பூட்டு திறந்துகொண்டது. கை மந்தமான ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் உங்களுக்கு முழுக்கதையும் கிடைத்திருக்கும்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன சார், கதவு திறந்தாச்சு."

"கதவு கிடக்கட்டும். கதை?"

"அது நாளைக்குத்தான் எனக்கே தெரியும்," என்று சொல்லிவிட்டு, கருவிப்பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று வியாழக்கிழமை.

ஆக, வால் இல்லாத கதை ஒன்று என் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. இனி நான் சொல்லப்போவதில் அவர் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி. எது எவருடைய பாதி என்று கேட்காதீர்கள். நான் பொய் சொல்கிறவன் என்று என் மைத்துனர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அது அவதூறு. நடந்ததை நான் கொஞ்சம் ஊட்டி வளர்ப்பேன், அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில் அவள் சன்னலருகே நின்று, தொலைவில் மங்கிக்கொண்டிருந்த..."

வேண்டாம். அன்று மழை இல்லை. அவளுடைய அலுவலக அறையில் சன்னலை மறைத்து இரும்பு அலமாரி இருந்தது. நிற்க வேண்டுமென்றால் அலமாரிக்குள்தான் நிற்க வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "மனித குலத்தின் நெடிய பயணத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்..."

இதை நான் எழுதவில்லை. பேனா தானாக எழுதியது. கண்டித்து வைத்திருக்கிறேன்.

மூன்றாம் தொடக்கம்: அவளை அலுவலகத்தில் 'வரையறைக்காரி' என்பார்கள்.

இது நடக்கும். இதிலேயே போவோம்.

புதிதாக ஒரு கிருமி வந்திருந்தது. மூச்சுக்குழாயில் குடியேறி, இருமலும் காய்ச்சலும் கொடுக்கிற வகை. அதற்கு இன்னும் யாரும் பெயர்கூட வைக்கவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் நோயாளிகளை எண்ணியாக வேண்டுமே. எண்ண வேண்டும் என்றால் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று ஒருவர் எழுதித் தர வேண்டும். சுகாதார அலுவலகத்தில் அந்த ஒருவர் அவள்தான்.

"சாயங்காலத்துக்குள்ள வரையறை வேணும்மா," என்றார் அவளுடைய மேலதிகாரியான பெரிய டாக்டர். "ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. நானும் படிக்கணும்ல."

முதல் வரைவில் அவள் 'இருமல் உள்ளவர்' என்று எழுதினாள். பெரிய டாக்டர் படித்துவிட்டு இரண்டு தடவை இருமினார்.

"இதுப்படி பார்த்தா நானும் உள்ள."

"நீங்க மட்டுமா சார். நம்ம டிரைவர், வாசல்ல செக்யூரிட்டி, பக்கத்துத் தெருவுல பாட்டு கத்துக்கிறவங்க அத்தனை பேரும் உள்ளதான்."*

(* ஒரு குதிரையும் இந்த வரையறைக்குள் வந்ததாகப் பூட்டுக்காரர் சொன்னார். குதிரையை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் நன்றாக இருமிய குதிரையாம். இருந்துவிட்டுப் போகட்டும்.)

இரண்டாம் வரைவை இறுக்கினாள். காய்ச்சல் இருக்க வேண்டும், இருமல் இருக்க வேண்டும், நெஞ்சுப் படத்தில் நிழல் தெரிய வேண்டும், வெளிநாடு போய் வந்திருக்க வேண்டும், ஆய்வுக்கூடமும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வரையறைக்குள் உலகத்திலேயே ஒருவர்தான் அகப்பட்டார். அவரும் வேறு நாட்டில் இருந்தார்.

மூன்றாம் வரைவில்தான் அவளுக்கு வழி பிடிபட்டது. ஒரே கூடை போதாது, மூன்று வேண்டும். காய்ச்சலும் இருமலும் மட்டும் இருந்தால் 'சந்தேகம்'. அவற்றோடு, நோய் உறுதியான ஒருவரோடு நெருங்கிப் பழகியும் இருந்து, ஆனால் பரிசோதனை செய்ய முடியாமலோ தெளிவில்லாமலோ போயிருந்தால் 'அநேகமாக'. ஆய்வுக்கூடம் கிருமியைக் கண்ணால் கண்டுவிட்டால் 'உறுதி'. ஒரு பக்கம். பெரிய டாக்டர் தேநீர் ஆறுவதற்குள் படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் மூன்று வார்டு பிரித்தார்கள். நடு வார்டுக்கு எல்லோரும் வைத்த பெயர் 'அநேகமாக வார்டு'.

3

இந்த இடத்தில் அவளுடைய அம்மா உள்ளே வர வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், இந்தப் பாத்திரத்தை நான் முதலில் நம்பவில்லை. கதைக்காகச் செய்த ஆள்மாதிரி இருக்கிறார். ஆனால் பூட்டுக்காரர் அவரைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் பூட்டு ஊசி அவர் கையில் நழுவியது. பொய் சொல்கிறவன் கையிலிருந்து எதுவும் நழுவாது; இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு.

அம்மா கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளி நடத்துகிறவர். கணவர் இறந்து பல வருடம். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மீதிப் பேர் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கக் கற்றவர்கள். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும், யாராவது வேகமாகப் பேசினால் வலது காலால் தரையை அழுத்தி பிரேக் போடுவார்.

பூட்டுக்காரர் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். கருவிகளை ஏற்றிச் செல்ல ஒரு வேன் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் தனக்கு ஓட்டத் தெரியாது என்பது நினைவுக்கு வந்ததாம். முன்னால் ஓட்டுவதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். பின்னால் எடுப்பதுதான் ஏறவே இல்லை. தேர்வுக்குப் போவார், ரிவர்ஸ் எடுப்பார், கம்பத்தில் இடிப்பார், திரும்பி வருவார். அந்தக் கம்பத்துக்கு அவர் பெயரை வைத்துவிடலாம் என்று தேர்வு அதிகாரி சொன்னாராம்.

ஒருநாள் ரிவர்ஸ் பாடத்தின் நடுவில் அவர் கேட்டார்:

"டீச்சர், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"முதல்ல கண்ணாடியைப் பாருங்க," என்றார் அம்மா.

பார்த்தார். பார்த்தபடியே கம்பத்தில் இடித்தார். அம்மா திட்டவில்லை. பூட்டுக்காரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

திருமணப் பதிவு அலுவலகத்தில் இருவரும் நோட்டீஸ் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் மகளிடம் சொன்னார் அம்மா.

"இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?"

"அந்த வயசுல நேரமே கிடைக்கலடி."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. பாவம், அவங்களுக்கும் என்ன பொழுதுபோக்கு இருக்கு."

"அப்பாவோட நாற்காலியில அவர் உட்காருவாரா?"

அம்மா தரையை வலது காலால் அழுத்தினார். பேச்சு அங்கே நின்றது. அன்றிலிருந்து மகள் பூட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் சாவி தொலைந்தபோதுகூட மகள் அவரைக் கூப்பிடாமல் சன்னல் வழியாக ஏறிக் குதித்தாள்.

4

இனிக் கிருமி வேலையைத் தொடங்கட்டும்.

விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில், அறைக்குள் பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் தவித்த ஒரு பயணியைப் பூட்டுக்காரர் போய் மீட்டார். பயணி நன்றி சொன்னார். நன்றிக்கு முன்னால் தும்மினார். கொஞ்ச நாளில் பூட்டுக்காரருக்குக் காய்ச்சல், ஆய்வுக்கூடம் பார்த்தது, 'உறுதி'.

அதற்கு முன்பே, வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு முழு ரிவர்ஸ் பாடம் நடந்து முடிந்திருந்தது. அம்மாவுக்கும் காய்ச்சல், இருமல். மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்துக் குழாயில் போட்டு அனுப்பினார்கள். குழாயின் மூடி சரியாக இறுகவில்லை. போகும் வழியிலேயே ஒழுகிவிட்டது. ஆய்வுக்கூடம் ஏற்கவில்லை. மறுபடி எடுப்பதற்குள் காய்ச்சல் இறங்கி, இருமல் ஓய்ந்து, குச்சியில் ஒன்றும் அகப்படவில்லை.

வரையறையில் ஒரு வரி இருந்தது: 'காலம் கடந்து எடுத்த மாதிரியில் கிருமி இல்லை என்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது.' வரையறைக்காரி மிகவும் பெருமைப்பட்டு எழுதிய வரி அது. அந்த வரியின்படி அம்மா நடு வார்டுக்குப் போனார்.

நாள் ஓடிற்று. சந்தேக வார்டில் இருந்தவர்களுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். உறுதி வார்டில் இருந்தவர்களுக்குக் கிருமி போய்விட்டது என்று ஆய்வுக்கூடம் சொன்னதும் அனுப்பினார்கள். பூட்டுக்காரர் கைகுலுக்கி விடைபெற்றுப் போனார். நோய் இருந்தது உறுதியானவர் வீட்டில். இருந்ததா என்றே தெரியாதவர் ஆஸ்பத்திரியில்.

தலைமை நர்ஸ் போன் செய்தார்.

"மேடம், நடு வார்டுல இருக்கவங்க நல்லா கல்லு மாதிரி இருக்காங்க. எப்போ அனுப்பறதுன்னு உங்க பேப்பர்ல தேடறேன், அகப்படல."

"கடைசியில இருக்கும் பாருங்க."

"கடைசி வரைக்கும் பார்த்துட்டேன் மேடம். உறுதிக்கு இருக்கு. சந்தேகத்துக்கு இருக்கு. இவங்களுக்கு இல்லையே."

அவள் தன் பிரதியை எடுத்துப் படித்தாள். பிறகு திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

ஆய்வுக்கூடம் கிருமியைக் காணாதவரிடம், கிருமி போய்விட்டது என்று ஆய்வுக்கூடம் எப்படிச் சொல்லும்? அதனால் நடு வார்டுக்கு மட்டும் தனியாக யோசித்து ஒரு வெளிவாசல் எழுத வேண்டியிருந்தது. பக்கம் முடிந்துவிட்டதால், அப்புறம் எழுதலாம் என்று வைத்திருந்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை. உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை.

(வாசகரே, என் நிலைமையும் இதுதான் என்று நீங்கள் நினைப்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.)

5

பதிவு அலுவலகத்தில் கொடுத்த நோட்டீஸ் அந்த வெள்ளிக்கிழமையோடு காலாவதி; அதற்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும். மறுபடியும் கொடுக்கலாம்தான். ஆனால் அம்மா நர்ஸிடம் சொல்லிவிட்டார்: "ஒரு தடவை கேட்டதுக்கே எனக்கு முழு தைரியமும் செலவாயிடுச்சு. இன்னொரு தடவை அந்தக் கவுண்ட்டர்ல போய் நிக்க மாட்டேன்." கம்பத்தில் இடிக்கிற மாணவரைச் சிரிக்காமல் பார்க்கத் தெரிந்த பெண்ணுக்கும் ஒரு கூச்சம் இருந்தது.

செய்தி அலுவலகத்தில் பரவியது. அம்மா கல்யாணம் பிடிக்காத மகள், அம்மாவை வார்டில் பூட்டி வைத்துவிட்டாள் என்றார்கள். நேரில் யாரும் சொல்லவில்லை. அவள் நடந்து வந்தால் தேநீர் இயந்திரத்தின் அருகே பேச்சு நின்றது.

அவளுக்கு அதைவிடப் பெரிய தொல்லை உள்ளே இருந்தது. மறந்தேனா? மறந்தது உண்மைதானா? அவள் தன் வரையறையைத் தன் மீதே போட்டுப் பார்த்தாள். கல்யாணம் பிடிக்கவில்லை: அறிகுறி இருக்கிறது. எழுதாமல் விட்டது அவள் கை: நெருங்கிய தொடர்பு இருக்கிறது. மனசுக்குள் குச்சி விட்டு மாதிரி எடுக்க முடியாது: பரிசோதனை இல்லை. எப்படிக் கூட்டினாலும் நடு வார்டில்தான் வந்து நின்றாள்.

(இந்தப் பத்தியைப் பூட்டுக்காரர் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் எழுதினேன். ஆனாலும் நான் எழுதியதிலேயே உண்மையானது இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.)

புதன்கிழமை மதியம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

6

"அவள் கனத்த நெஞ்சோடு நீண்ட வராந்தாவில்..."

கனத்த நெஞ்சோடு போனவள் வார்டுக்கு வெளியே இருந்த கண்ணாடி சன்னலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். உள்ளே சக்கரம் வைத்த கட்டில்கள் ஓடிக்கொண்டிருந்தன. நோயாளிகளில் ஒருவரான தபால்காரர் ஒரு கட்டிலைத் தள்ள, அம்மா முகக்கவசத்தோடு நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் ஒடிங்க. இன்னும். போதும். இப்போ நேராக்குங்க. தபால்காரரே, கட்டிலுக்கு வலிக்காது, தைரியமா வாங்க."

தபால்காரர் இரண்டு கட்டில்களுக்கு நடுவே மூன்றாவதைப் பின்பக்கமாகச் சொருகி நிறுத்தினார். அநேகமாக நோயாளிகள் எல்லோரும் கை தட்டினார்கள்.

சன்னலுக்கு வெளியே ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். கையில் கருவிப்பை. அவளைப் பார்த்ததும் ஒதுங்கி இடம் விட்டார்.

"கதவைத் திறக்கலாம்னு வந்தேன்," என்றார் பூட்டுக்காரர், தரையைப் பார்த்தபடி. "பூட்டே இல்ல. சும்மா சாத்தியிருக்கு. பூட்டு இல்லாத கதவை எப்படித் திறக்கறதுன்னு எனக்குத் தெரியல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடனே அதை இருமலாக மாற்றினாள். ஆஸ்பத்திரியில் அது புத்திசாலித்தனம் இல்லை. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

அம்மா சன்னலுக்கு வந்தார். கண்ணாடியில் பேசுவதற்காக வட்டமாகத் துளைபோட்டு மெல்லிய தடுப்பு வைத்திருந்தார்கள்.

"கதவு சும்மாதானே சாத்தியிருக்கு. நீ பாட்டுக்கு வெளிய வந்திருக்கலாமேம்மா," என்றாள் மகள்.

"என்னைப் பார்த்து எல்லாரும் கிளம்பிடுவாங்க. அப்புறம் நீ எழுதினதை யாரு மதிப்பாங்க? சிக்னல்ல யாரும் இல்லைன்னாலும் சிவப்புன்னா நிக்கணும்."

"நான் வேணும்னு செய்யலம்மா."

"வேணும்னு செஞ்சன்னு நான் சொன்னேனா?"

"மனசுல நினைக்கிறல்ல."

அம்மா முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"அநேகமா," என்றார்.

பின்னால் தபால்காரர் கட்டிலை எங்கோ இடித்தார்.

"நாற்காலியில அவர் உட்கார மாட்டாராம்டி," என்றார் அம்மா. "நானே கேட்டேன். சொந்தமா ஒரு ஸ்டூல் கொண்டு வர்றாராம்."

"மடக்கற ஸ்டூல்தான்," என்றார் பூட்டுக்காரர். "இடத்தை அடைக்காது."

7

அவள் நேராக அலுவலகம் போய் வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் எழுதினாள்: காய்ச்சல் விட்டு, இருமல் ஓய்ந்து, உறுதியானவர் எவ்வளவு நாள் தனித்திருப்பாரோ அவ்வளவு நாள் தனித்திருந்துவிட்டால், 'அநேகமாக' நோயாளி எந்தப் பரிசோதனையும் இல்லாமல் வீட்டுக்குப் போகலாம். எழுதிய பிறகு பார்த்தால் இரண்டு மூச்சில் சொல்லிவிடக் கூடிய விஷயம். நல்ல வெளிவாசல்கள் எல்லாம் அப்படித்தான்.

பெரிய டாக்டர் படித்தார். இந்தத் தடவை தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தார்.

"சரியாத்தான் இருக்கு. ஆனா உங்கம்மாவுக்காக எழுதினன்னு சொல்வாங்களேம்மா."

"எழுதாம விட்டா, கல்யாணத்தை நிறுத்தத்தான் எழுதலைன்னு சொல்வாங்க சார். அதையும் கீழ எழுதியிருக்கேன், பாருங்க."

கீழே அவள் தன் கையெழுத்தில் சேர்த்திருந்தாள்: 'இதை எழுதியவரின் தாய் நடு வார்டில் இருக்கிறார். தாயின் திருமணத்தில் எழுதியவருக்கு இஷ்டம் இருக்கவில்லை. இரண்டையும் நிபுணர் குழு கருத்தில் கொள்ளவும்.'

"பாசமும் இருக்கு, எதிர்ப்பும் இருக்கு," என்றார் பெரிய டாக்டர். "ஒண்ணை ஒண்ணு கழிச்சா, இந்தக் கட்டடத்துலயே நடுநிலையான ஆள் நீதான். ஆனா நடப்புல இருக்கறதை மாத்த என் ஒருத்தன் கையெழுத்து போதாது. குழு கூடணும். வெள்ளிக்கிழமை காலையில வச்சுக்கலாம்."

"பதிவு அலுவலகத்தை வெள்ளிக்கிழமை மதியமே மூடிடுவாங்க சார்."

"அப்போ குழுவுல யாரும் நீளமா பேசக் கூடாதுன்னு வேண்டிக்க."

குழுவில் பேராசிரியர்கள் இருந்தார்கள். இந்த இடத்தில் டக்கென்று என் வீட்டுப் பூட்டு திறந்துகொண்டது.

8

ஆகவே முடிவு. மூன்று கூடை வைத்திருக்கிறேன்.

சந்தேக முடிவு: குழு கூடியது. ஒரு பேராசிரியர் 'வீடு' என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டும் என்றார். மதியமாயிற்று. பதிவு அலுவலகம் கதவைச் சாத்தியது. அம்மா தனியாக வீட்டுக்கு வந்து... இதை எழுதிப் பார்த்தேன். கதை நன்றாகத்தான் வந்தது. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அடித்துவிட்டேன்.

இன்னொரு சந்தேக முடிவு: குழு ஐந்தே நிமிடத்தில் ஒப்புக்கொண்டது, அம்மா வார்டிலிருந்து ஒரு கட்டிலையே ஓட்டிக்கொண்டு பதிவு அலுவலகம் போனார், வழியில் அந்தக் குதிரை... இல்லை, இதை என் மைத்துனர் படித்தால் நான் தொலைந்தேன்.

உறுதி முடிவு வேண்டுமென்றால் பதிவு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும். போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். யாரோ ஒரு குமாஸ்தா "ஆமாம்" அல்லது "இல்லை" என்று சொல்லி முடிக்க வேண்டிய கதையா இது?

அதனால் அந்த வெள்ளிக்கிழமை கழிந்து சில நாள் ஆன இன்று காலை நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, சாவியைப் பத்திரமாகச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். டக். பிறகு பூட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"மறுபடியுமா சார்?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. குரலில் ஏதாவது தெரிகிறதா என்று உற்றுக் கேட்டேன். இரைச்சல்தான் கேட்டது.

இந்த வரியை வாசற்படியில் நின்றபடி, கதவின்மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால், தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தம். சைக்கிள் இல்லை, வேன். வீட்டுக்கு எதிரே தண்ணீர் லாரி ஒன்றும் பக்கத்து வீட்டுக்காரர் காரும் நிற்கின்றன. நடுவில் இருக்கிற இடத்தில் ஒரு பூனை நின்றால்கூட வால் இடிக்கும். வேன் நின்றது. ரிவர்ஸ் கியர் விழும் சத்தம். பின்னால் வருகிறது, ஒடிக்கிறது, நேராகிறது. ஒரே மூச்சு. எதிலும் இடித்த சத்தம் இல்லை. என்ஜின் நின்றது.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இன்னொரு கதவு சாத்தும் சத்தமும் கேட்டது.

ஒருவேளை அவரே ரிவர்ஸ் கற்றுக்கொண்டிருக்கலாம். இரண்டாவது கதவு, கருவிப்பை எடுக்கத் திறந்ததாக இருக்கலாம். எல்லாம் யோசித்துவிட்டேன். வரையறைக்காரியின் முறைப்படி பார்த்தால், அறிகுறி பொருந்துகிறது. நெருங்கிய தொடர்பு இருக்கிறது. பரிசோதனை மட்டும் பாக்கி. திரும்பிப் பார்த்தால் அதுவும் ஆயிற்று.

நான் திரும்பப் போவதில்லை. கதவைப் பார்த்தபடி, வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். எனக்கு நடு வார்டே போதும். இங்கே காற்றோட்டமாக இருக்கிறது.

நீங்கள் என் தோளுக்குப் பின்னால்தானே நின்று படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? தெரு உங்களுக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமானால் திரும்பிப் பாருங்கள். பார்த்ததை என்னிடம் சொல்லாதீர்கள். அவர்கள் வரும்போது படிக்கு மட்டும் கொஞ்சம் வழிவிடுங்கள்.